ஷமீமா ஏன் தொழுவதில்லை

1.

போன மாதம் ஊரிலிருந்து என் கூடப்பிறந்த ராத்தா போன் பண்ணினாள். மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறது. பள்ளிக்கூட லீவில்தான் வருகிறது, நீங்கள் மூன்று பேரும் வந்தே ஆகவேண்டும் என்றாள். வருகிறோம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினாள். ராத்தா குரலைத் தாழ்த்தினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்காதே. ஷமீமாவுக்குப் பதினொரு வயசு ஆச்சு. இன்னும் தொழுவுறதில்லையாமே?"

"ஆமா."

"ஆமாங்குறே. சோறு தின்னியான்னு கேட்டாப்போல ஆமாங்குறே. சம்பந்தி வீட்டு ஆளுவ எல்லாம் வருவாங்க. கேட்டா நான் என்னா சொல்ல? அமெரிக்காவுல அதெல்லாம் கெடயாதுன்னு சொல்லவா?"

"நான் தொழுவுறேன். மும்தாஜ் தொழுவுறா."

"அதான் கேக்குறேன். உம்மாவும் வாப்பாவும் தொழுவுற வீட்டுல அவளுக்கு மட்டும் என்னா?"

போன் கார்டு முடியப்போகிறது ராத்தா என்று சொல்லி வைத்துவிட்டேன். கார்டில் இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

ஊர்ச் சங்க மலருக்கு அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி எழுதித் தாருங்கள் காக்கா என்று சங்கத்துத் தம்பிகள் இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். பனி, ரயில், பெரிய கட்டடம் எல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். ராத்தா கேட்டதற்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. அதை எழுதுகிறேன். ராத்தா படிப்பாள். சம்பந்தி வீட்டிலும் படிக்கட்டும்.

2.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் மாஸ்டர். பரோட்டா, பிரியாணி, சால்னா. ஓனர் விசா எடுத்துக் கூப்பிட்டார், தொண்ணூற்றைந்தில் வந்தேன். மறு வருஷம் மும்தாஜ் வந்தாள். ஷமீமா இங்கேதான் பிறந்தாள். ஒரே பிள்ளை.

கிரீன் கார்டுக்கு விரல் ரேகை வைக்கப் போனேன். மிஷினில் ரேகை விழவில்லை. கல்லில் பரோட்டா புரட்டிப் புரட்டி விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது. அந்த அம்மா என் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். கிரீம் தடவினாள். "நோ பிங்கர்" என்றேன். சிரித்தாள். இரண்டு தடவை திருப்பி அனுப்பி, மூன்றாவது தடவை போலீஸில் பேப்பர் வாங்கி வரச் சொன்னார்கள். இவன் ஒன்றும் செய்யாதவன் என்று எழுதிய பேப்பர். அதிலிருந்து ஆபீஸ், ஃபாரம் என்றால் எனக்குப் பயம்.

வீட்டில் நான் தமிழில் கேட்பேன். ஷமீமா இங்கிலீஷில் பதில் சொல்வாள். புரியாவிட்டால் மும்தாஜ் சொல்வாள். அவளுக்கும் புரியாவிட்டால் விட்டுவிடுவோம். இப்படித்தான் இங்கே நிறைய வீடு நடக்கிறது. குறை என்று சொல்லவில்லை.

3.

ஷமீமாவுக்கு ஏழு வயது முடிந்ததும் தொழச் சொல்லிக்கொடுத்தேன். ஏழில் ஆரம்பிக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரியும். திங்கட்கிழமை ஓட்டல் லீவு. அந்த ஒரு நாள்தான் நான் பிள்ளையோடு இருப்பது. முதலில் ஒளு. ஊரில் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டிக் கழுவுவோம். இங்கே பாத்ரூம் சிங்க். ஸ்டூல் போட்டு நிறுத்தினேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை எல்லாம் சரியாக வந்தது. கால் கழுவ வேண்டும் என்றதும் என்னைப் பார்த்தாள்.

"இந்த சிங்க்லயா? வாப்பா, ஐ ஆம் நாட் எ... அந்த பேர்ட் நேம் என்ன?"

"கொக்கு."

"ஐ ஆம் நாட் எ கொக்கு."

வெளியிலிருந்து மும்தாஜ், "தரையெல்லாம் தண்ணி. கீழ் வீட்டுக்காரன் மேல வந்து நிக்கப் போறான். அவனுக்கும் சேத்துச் சொல்லிக் குடுங்க மச்சான்" என்றாள்.

ஒவ்வொன்றும் மூன்று தடவை என்று சொன்னேன்.

"வொய் த்ரீ?"

"அப்படித்தான்."

"நாலு பண்ணினா?"

"தண்ணி வீண்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன் பல் இரண்டும் விழுந்திருந்தது.

4.

பிப்ரவரியில் தொண்டை வலி என்றாள். காய்ச்சல் வந்தது. பாதி வகுப்புக்கு அப்படித்தான் இருந்தது. இங்கே எல்லா வீட்டிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பை ஒன்று இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. அதிலிருந்து மும்தாஜ் மாத்திரை எடுத்துப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மாத்திரையையும் விட்டோம். இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. காலையில் சாதாரணமாகத்தான் பஸ் ஏறினாள். கையாட்டினாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் ஷூவைக் கழற்றவில்லை. நேராக பாத்ரூமுக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வந்து முசல்லா விரிப்பைப் போட்டு அஸர் தொழுதாள். யாரும் சொல்லவில்லை. தானாகத் தொழுதாள். முடித்துவிட்டு மறுபடி பாத்ரூமுக்குப் போனாள். மறுபடி ஒளு. மறுபடி தொழுகை. மூன்றாவது தடவையும் போனாள்.

நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனது நிறைந்துவிட்டது. மாஷா அல்லாஹ் என்றேன்.

இதைத்தான் நான் மறைக்காமல் எழுத வேண்டும். என் பிள்ளைக்கு நோய் வந்த நாளில் நான் சந்தோஷப்பட்டேன்.

5.

ஐந்து வாரம் சந்தோஷமாக இருந்தேன். ஓட்டலில் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொன்னேன். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, ஏழு வயது, சொல்லாமல் தொழுகிறாள் என்று. ஒருவர் தன் பையன்களைக் கூட்டிவந்து, "மாஸ்டர் மவளப் பாருங்கடா, நீங்களும் இருக்கீங்களே" என்றார். எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. அவளுக்கு ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் பூப்போட்ட புது முசல்லா வாங்கிவந்தேன். கொடுத்தபோது அவள் சிரிக்கவில்லை. அதில் உட்காரலாமா, சுத்தமா, கடையில் யார் தொட்டார்கள் என்று கேட்டாள். மார்க்கப் பேணுதலான பிள்ளை என்று நினைத்தேன்.

மும்தாஜ் அப்படி நினைக்கவில்லை.

"மச்சான், இது நல்லா இல்ல."

"எது?"

"அழுதுக்கிட்டே கழுவுறா. கை வெடிச்சு ரத்தம் வருது. தேங்காண்ணெ தடவுனா அதையும் கழுவிட்டு வர்றா."

"பிள்ளை தொழுதா உனக்கு என்னா கஷ்டம்?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அந்த வார்த்தையைச் சொன்ன இடம் எங்கள் அடுக்களை வாசல். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

வேறு அடையாளமும் இருந்தது. கண்ணை ஓயாமல் சிமிட்டினாள். தூசி என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போனாள். குளிர் என்றேன். உம்மா குப்பை போடக் கீழே போனால்கூட அலறினாள். செல்லம் என்றேன். கையெழுத்து கோழி கிண்டினது போல் ஆயிற்று. ஜனவரியில் முத்து முத்தாக எழுதிய பிள்ளை. டீச்சர் சரியில்லை என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

ஒவ்வொரு தடவை தொழுது முடித்ததும் என்னிடம் வந்து நிற்பாள்.

"வாப்பா, நான் கரெக்டா செஞ்சேனா?"

"சரியா செஞ்சே."

"ஆர் யூ ஷ்யூர்?"

"சரிம்மா."

"சொல்லுங்க, கரெக்டா?"

ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது இருக்கும். ஐம்பது தடவையும் சரி என்றேன். அதுதான் அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் வாழ்நாளில் ஒருவருக்கு நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

6.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒரு அம்மா ஷமீமாவின் கையை போட்டோ எடுத்து வைத்திருந்தாள். விரல் கணு எல்லாம் வெடித்திருந்தது. வகுப்பை விட்டு எழுந்து எழுந்து கழுவப் போகிறாளாம். வீட்டில் யாராவது கழுவச் சொல்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "யெஸ். ஐ டீச். ஐ டீச் ஹெர்" என்றேன். "வெரி குட் கேர்ள்."

அந்த அம்மா பேனாவை எடுத்து எழுதினாள். மும்தாஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு எதற்கென்று புரியவில்லை.

அடுத்த வாரம் அரசாங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளையை நாங்கள் கொடுமைப்படுத்துகிறோமா என்று பார்க்க. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். அவள் படுக்கையைப் பார்த்தார்கள். முசல்லாவைப் பார்த்தார்கள். ஷமீமாவைத் தனியாக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் மும்தாஜும் வெளியே நின்றோம். கொண்டுபோய்விடுவார்களா என்று மும்தாஜ் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கதவைத் திறந்து வந்தபோது வயதானவளின் கண் கலங்கியிருந்தது. "ஷீ இஸ் ஸிக்" என்றாள். அவ்வளவுதான். டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு பேப்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அது ஏறவில்லை. இவர்களுக்கு நம் மார்க்கம் தெரியாது, அதனால் நோய் என்கிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளையைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கூட்டிப்போனேன். வேலூர் பக்கத்துக்காரர், வயதில் என்னை விடச் சின்னவர். அவர் பாராட்டுவார் என்றுதான் போனேன்.

அவர் ஷமீமாவைத் தொழச் சொல்லவில்லை. உட்கார வைத்து, "இன்னிக்கு மத்தியானம் லுஹர் எத்தனை தடவை தொழுதே?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"ஏன்மா?"

"தப்பாயிடுச்சு. இஃப் இட்ஸ் ராங், உம்மா செத்துருவாங்க."

நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். ஐந்து வாரம் ஒரே வீட்டில் இருந்தேன். நான் கேட்டதே இல்லை.

ஹஜ்ரத் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"மாஸ்டர், இதைத் தொழுகைன்னு நெனச்சீங்களா?"

"ஆமா" என்றேன்.

"தொழுகைக்கு முடிவு இருக்கு. சலாம் கொடுத்தா முடிஞ்சிடும், எழுந்து சாப்பிடப் போகலாம். இந்தப் பிள்ளைக்கு முடிய மாட்டேங்குதே. இது சீக்கு. டாக்டரைப் பாருங்க. ஓதிப் பார்க்கிறேன்னு சொல்லி நான் உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன். துஆ செய்றேன். நீங்க கிளம்புங்க."

7.

முதல் டாக்டர் பயம் என்றார். மனதுக்கு ஒரு மருந்து எழுதினார். அதைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தூங்கினாள், எழுந்து கழுவினாள்.

இரண்டாவது டாக்டர் பிள்ளைகளின் மூளை நரம்பு பார்க்கிற அம்மா. தலை நரைத்தவர். அங்கே போவதற்கு செந்தில் கார் ஓட்டி வந்தார். செந்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறவர், கம்ப்யூட்டர் வேலை, கோயம்புத்தூர்க்காரர், எங்கள் ஓட்டலுக்கு ஞாயிறு தவறாமல் வருவார். எனக்காக லீவு போட்டார். வழியில் சொன்னார்: "மாஸ்டர், டாக்டர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஐ டீச்னு மட்டும் ஆரம்பிச்சுப் போடாதீங்க." பின் சீட்டில் மும்தாஜ் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி வேறு யாரும் கேட்காதது. எந்த நாள் ஆரம்பித்தது?

"திங்கட்கிழமை" என்றேன். "மூணரை மணி. பஸ் வந்த நேரம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக இல்லையா, ஒரே நாளிலா என்று கேட்டார். ஒரே நாளில் என்றேன். அதற்கு முன் தொண்டை வலி வந்ததா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மும்தாஜ் ஆமாம் என்றாள். மருந்துப் பை, பாதி மாத்திரை, இரண்டு நாள், எல்லாம் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தொண்டைக் கிருமி வந்துபோன அடையாளம் ரத்தத்தில் நிறைய இருந்தது. அடுத்த தடவை போனபோது விளக்கிச் சொன்னார், செந்தில் தமிழில் சொன்னார்.

"கிருமியை அடிக்கறதுக்கு உடம்பு ஆள் அனுப்புதுங்க. அந்த ஆளுங்க தப்பா மூளைல ஒரு இடத்தைப் போய் அடிக்கறாங்களாம். போலீஸ்காரன் திருடன்னு நெனச்சு வீட்டுக்காரனையே போட்டு அடிக்கற மாதிரிங்க மாஸ்டர். அந்த இடம் கெட்டா பயம் வரும், கண்ணு சிமிட்டும், செஞ்சதையே செய்யச் சொல்லும். பான்டாஸ்னு பேரு."

"லைக் த பேர்?" என்று ஷமீமா கேட்டாள். பான்டா கரடியா என்று. அந்த அம்மா சிரித்தார். ஆமாம், ஆனால் கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

எல்லா டாக்டரும் இப்படி ஒரு நோய் இருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். நாள் பொருந்துகிறது, ரத்தம் பொருந்துகிறது, அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றார். பாதி மாத்திரையால்தான் வந்ததா என்று மும்தாஜ் கேட்டாள். சொல்ல முடியாது என்றார். முழுதாகக் கொடுத்த பிள்ளைக்கும் வந்திருக்கிறதாம்.

நான் ஒன்று கேட்டேன். செந்தில் தயங்கினார். கேளுங்கள் என்றேன். நான் தொழச் சொல்லிக்கொடுத்ததால் வந்ததா என்று.

இல்லை என்றார். இது வீட்டில் எது பெரிதோ அதைப் பிடித்துக்கொள்ளும். படிப்பு பெரிதான வீட்டில் எழுதியதையே அழித்து அழித்து எழுதுவார்கள். சுத்தம் பெரிதான வீட்டில் சோப்பைத் தேய்ப்பார்கள். உங்கள் வீட்டில் இதைப் பிடித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் பெரிது அது ஒன்றுதான். அதுவரை எனக்கு அது பெருமை.

8.

மருந்து முழுதாகக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் கண் சிமிட்டுவது நின்றது. பாத்ரூம் ஓட்டம் குறைந்தது. கழுவுவது பாதியாயிற்று. மீதிப் பாதி போகவில்லை. அதற்கு ஒரு சின்ன வயதுப் பெண்ணிடம் அனுப்பினார்கள். பேசியே வைத்தியம் பார்க்கிறவள். அவள் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். ஷமீமா சரியாகச் செய்தேனா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடாது. சரி என்று சொல்லச் சொல்ல நோய்க்குத் தீனி போடுகிறோம் என்றாள்.

தொழுகையைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று ஹஜ்ரத்திடமும் கேட்டாள், போனில். அவர் யோசிக்கவே இல்லை. பிள்ளை இன்னும் பருவம் ஆகவில்லை, கடமை இல்லை, குணமாகும் வரை தொழுகையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். என்னிடமும் தனியாகச் சொன்னார்: "நீங்கதான் விரிச்சுக் கொடுத்தீங்க. நீங்களே மடிச்சு வைங்க மாஸ்டர். வேற யார் செஞ்சாலும் பிள்ளை நம்பாது."

அந்தத் திங்கட்கிழமை நான் முசல்லாவை மடித்தேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். என் காலை.

"வாப்பா நோ. வாப்பா ப்ளீஸ். அல்லாஹ் கோவிப்பான். உம்மா செத்துருவாங்க."

நான் பதில் சொல்லவில்லை.

"ஒன்லி ஒன் டைம். ஒரே ஒரு தடவை. வாப்பா, உம்மா ஓகேவா? சொல்லுங்க. உம்மா ஓகேவா இருப்பாங்களா?"

ஒரு வார்த்தை சொன்னால் அழுகை நிற்கும். எனக்குத் தெரியும். மும்தாஜ் சுவரைப் பார்த்து நின்றாள். நான் முசல்லாவை அலமாரி மேல் தட்டில் வைத்தேன். அவள் பாத்ரூமுக்கு ஓடினாள். கதவை மறித்து உட்கார்ந்தேன். அடித்தாள். முகத்தில் கீறினாள். ஏழு வயதுப் பிள்ளை, தொழ விடு என்று அழுகிறாள். வாப்பா விடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் யாராவது பார்த்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று அப்போதும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இரண்டு மணி நேரம். பிறகு என் மடியிலேயே தூங்கிவிட்டாள். என் சட்டை நனைந்திருந்தது. அவள் கை காய்ந்திருந்தது. மார்ச்சுக்குப் பிறகு அவள் கை அவ்வளவு நேரம் காய்ந்து நான் பார்த்ததில்லை.

அப்படி நாற்பது நாள் இருக்கும். ஒவ்வொரு நாளும் அழுகை கொஞ்சம் குறைந்தது. ஜூலையில் கையில் புதுத் தோல் வந்தது.

9.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். ஆயிற்று, ஆகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை தொண்டை வலி வரும். மறு வாரம் பழையபடி கண் சிமிட்ட ஆரம்பிக்கும். மருந்து, அந்தப் பெண், மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் வகுப்பில் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. நான்காம் வகுப்பில் மூன்று வாரம். போன வருஷம் ஒரு வாரம்தான். வளர வளரக் குறையும் என்கிறார் டாக்டர். வகுப்பில் யாராவது இருமினால் ஸ்கூல் நர்ஸ் மும்தாஜுக்குப் போன் பண்ணிவிடுவாள். மருந்துப் பையை மும்தாஜ் குப்பையில் போட்டுவிட்டாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாத்திரை கொண்டு வராதீர்கள் என்கிறாள். அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஷமீமா தொழுவதில்லை. நாங்கள் சொல்வதும் இல்லை. நோன்பு வைப்பாள், அது அவளுக்குப் பயமாக இல்லை, பொழுது சாய்ந்து மஃரிப் ஆனதும் தானாக முடிந்துவிடும் என்கிறாள். நான் அவள் இருக்கும் அறையில் தொழுவதை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. அவள் அதைக் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நானாகச் செய்வது.

இன்னும் கொஞ்ச காலத்தில் அவளுக்குக் கடமை வந்துவிடும். அன்றைக்கு என்ன செய்வது என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். நோயாளிக்கு அல்லாஹ் சிரமம் வைக்கவில்லை, வரும்போது பார்ப்போம் என்றார். நான் கேட்காதது ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அவள் தானாக எழுந்து ஒளு செய்யப் போனால் நான் சந்தோஷப்படுவேனா, டாக்டருக்குப் போன் பண்ணுவேனா? எனக்குத் தெரியவில்லை. பிள்ளை தொழுவதைப் பார்த்து மனம் நிறைவது என்பது எனக்குப் போய்விட்டது. திரும்பி வராது என்று நினைக்கிறேன்.

நிக்காஹ் பற்றி ஷமீமாவிடம் சொன்னேன். வரவில்லை என்றாள். நீங்களும் உம்மாவும் போய்வாருங்கள், நான் செந்தில் அங்கிள் வீட்டில் இருக்கிறேன் என்றாள். போன தடவை ஊருக்குப் போனபோது யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"நோ. யாரும் திட்டல. மாமி கூட திட்டல. தே ஆர் நைஸ்." மாமி என்றது ராத்தாவை.

"பொறகு என்னா?"

என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாங்கு சொன்னதும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க வாப்பா. ஃபைவ் டைம்ஸ் எ டே. எவ்ரி டே. அப்புறம் எனக்கு கவுன்டிங் ஸ்டார்ட் ஆயிடுச்சு. உங்க கிட்ட சொல்லல."

மூன்று வாரம் ஊரில் இருந்தோம். மூன்று வாரமும் அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் மீன் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"நான் எழுதிர்றேன்" என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா பாக்க மாட்டாங்க. உன் பேரு போட்டு எழுதலாமா?"

யோசித்தாள். "ஸிக்னு எழுதுங்க. பேட்னு எழுதாதீங்க."

எழுதினால் வருகிறேன் என்றாள். டிக்கெட் எடுத்துவிட்டேன், மூன்று பேருக்கும். ராத்தா, நிக்காஹ் வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். அவளுக்காக துஆ செய்கிறவர்கள் செய்யுங்கள், அவளிடம் அதைச் சொல்ல வேண்டாம். பாங்கு சொன்னதும் நீங்கள் எழுந்து போய்த் தொழுங்கள். அவள் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.